'லைஃப்' இதழும் ஹென்றி லூஸும்: கேள்வி பதில்

கேள்வி: 'லைஃப்' இதழின் நிறுவனர் ஹென்றி லூஸ் என்கிறார்கள். தொடங்கிய ஆண்டு 1883 என்றும் சில இடங்களில் காண்கிறேனே?

பதில்: 1883இல் ஜான் ஏம்ஸ் மிட்செல் நியூயார்க்கில் தொடங்கியது அதே பெயர் கொண்ட நகைச்சுவை இதழ். அது நொடித்திருந்த நிலையில், 1936இல் லூஸ் 92,000 டாலர் கொடுத்து வாங்கினார்; அவருக்குத் தேவைப்பட்டது பெயர் மட்டுமே. சீனாவில் மதபோதகர் ஒருவரின் மகனாகப் பிறந்து, 'டைம்', 'ஃபார்ச்சூன்' இதழ்களை ஏற்கெனவே நடத்திவந்த அவர், 1936 நவம்பர் 23 தேதியிட்டுப் 10 சென்ட் விலையில் வெளியிட்டதே நாம் பேசும் படச்செய்தி இதழ். மொன்டானாவின் ஃபோர்ட் பெக் அணைக்கட்டுமானத்தை மார்கரெட் போர்க்-வைட் எடுத்த படம் அதன் அட்டையில் இருந்தது. படங்களால் கதை சொல்லும் முறையை லூஸ் கண்டுபிடித்தார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பெர்லினின் பட வார இதழ்களும் பாரிஸின் 'வு' இதழும் அவருக்கு முன்பே அதைச் செய்துவிட்டன.

கேள்வி: தாத்தாவின் அலமாரியில் 1950களின் இதழ்கள் சில கிடைத்தன. என்ன விலை பெறும்?

பதில்: லட்சக்கணக்கில் அச்சான இதழ்கள் அவை. விலையைப் பழைய புத்தக வியாபாரியிடம் கேளுங்கள். நான் வரலாறு மட்டுமே சொல்வேன்.

கேள்வி: அவ்வளவு விற்ற இதழ் ஏன் நின்றது?

பதில்: விற்பனையே சுமையாகும் விந்தை அதற்குத் தொடக்கத்திலேயே நேர்ந்தது. குறைந்த விற்பனையைக் கணக்கிட்டு விளம்பரக் கட்டணத்தை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்திருந்தார்கள். நான்கே மாதங்களில் விற்பனை 10 லட்சத்தைத் தொட்டதால், கூடுதலாக அச்சிட்ட ஒவ்வொரு பிரதியும் நஷ்டத்தில் போனது. பின்னாளில் தொலைக்காட்சி விளம்பரங்களை இழுத்துக்கொள்ள, அஞ்சல் கட்டணமும் ஏற, லூஸ் மறைந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில், 1972 டிசம்பரில், வார இதழ் நின்றது. 1978 முதல் 2000 வரை மாத இதழாக வந்தது வேறு கதை.

கேள்வி: ராட்டையருகே காந்தி இருக்கும், 'லைஃப்' இதழுக்காக போர்க்-வைட் எடுத்த படம் காந்தி மறைந்த நாளில் எடுத்ததா?

பதில்: இல்லை, 1946இல் எடுத்தது. நூற்கக் கற்றுக்கொண்ட பிறகே படமெடுக்கலாம் என்று காந்தியின் செயலாளர் சொல்ல, போர்க்-வைட் ராட்டை முன் அமர்ந்து பழகினார். காந்தி கொல்லப்பட்ட நாளிலும் சில மணி நேரம் முன்பு அவரைப் பேட்டி கண்டதால் இந்தக் குழப்பம். படத்தின் கீழே யாரோ எழுதிய வரியை நம்பாமல், தேதியைப் பாருங்கள் என்று எத்தனை முறை சொல்வது!

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டி கரையில் இறங்கியபோது 'லைஃப்' இதழுக்காக ராபர்ட் காபா எடுத்த படச்சுருள்களை லண்டன் இருட்டறை உதவியாளர் சூட்டில் உருக்கிவிட்டார் என்பது உண்மைதானே?

பதில்: அப்படித்தான் நெடுங்காலம் சொல்லப்பட்டது. உலர்த்தும் பெட்டியின் சூட்டுக்குப் படச்சுருளின் பூச்சு அப்படி உருகாது என்று ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். அப்போது லண்டனில் 'லைஃப்' படப்பிரிவை நடத்திய ஜான் மாரிஸே, காபா அன்று கரையில் அவ்வளவு படங்கள் எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று முதுமையில் ஒப்புக்கொண்டார்.

கேள்வி: அப்படியானால் காபா பொய் சொன்னாரா? துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நின்ற மனிதரை இப்படிப் பேசலாமா?

பதில்: 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கரையில் அவர் இறங்கினார், படமெடுத்தார், அதில் ஐயமில்லை. சுருள் உருகிய கதையைத்தான் நான் ஏற்கவில்லை. கதை பொய்யானால் கேமராவைப் பிடித்த கை சிறுத்துவிடாது.

கேள்வி: என்னிடமும் 1960களின் இதழ் ஒன்று உள்ளது. விலை?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள்.