ஆர்.என்.ஏ. பிழையால் அப்பாவுக்கு ஈரல் புற்றுநோயா?

கேள்வி: எனக்கு 34 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறேன். சாராயத்தைத் தொட்டும் பார்க்காத என் அப்பாவுக்கு (வயது 66, இருபது வருடமாகச் சீனி வியாதி) ஈரலில் புற்றுநோய் என்று போன மாதம் சொன்னார்கள். ஆர்.என்.ஏ. திருத்தம் பிழைத்துப்போவதால் ஈரல் புற்றுநோய் வருகிறது என்று இணையத்தில் வாசித்தேன். அது எனக்கும் வருமா? முன்கூட்டியே கண்டுபிடிக்க டெஸ்ட் இருக்கிறதா? கொரோனாவுக்குப் போட்ட பைசர் ஊசியும் ஆர்.என்.ஏ.தானே, அதனால் வந்திருக்குமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை. ஊசியில் வந்த ஆர்.என்.ஏ. தன் வேலையை முடித்துவிட்டுச் சிதைந்து போய்விடும், அது உங்கள் அப்பாவின் ஈரல் செல்களில் இருக்கும் ஆர்.என்.ஏ.யைத் திருத்துவதில்லை. பெயர் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

சரி, நீங்கள் வாசித்த விஷயம். அது புரளி இல்லை, நல்ல ஆராய்ச்சிதான். டி.என்.ஏ.யைக் காணி உறுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூல உறுதியை யாரும் வெளியே கொண்டு திரிவதில்லை, புதுக்கடைப் பக்கம் போட்டோக்கொப்பி அடித்து அதைத்தான் கொடுத்து வேலை பார்க்கிறோம், அந்தக் கொப்பிதான் ஆர்.என்.ஏ. எங்கள் உடம்பில் அடார் என்று ஒரு நொதிக் குடும்பம் இருக்கிறது, பேனையோடு உட்கார்ந்திருக்கும் கிளார்க் மாதிரி, கொப்பியில் சில இடங்களில் 'ஏ' எழுத்தை மாற்றிவிடும், செல் அதை 'ஜி' என்று வாசிக்கும். இது களவு வேலை இல்லை, எல்லோருக்கும் எந்நேரமும் நடப்பது. அடார்-1 இப்படித் திருத்தி வைப்பதால்தான் செல் தன் சொந்த ஆர்.என்.ஏ.யை வைரஸ் என்று நினைத்துச் சண்டைக்குப் போகாமல் இருக்கிறது. பெரும்பாலான திருத்தங்கள் புரதத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் 'மகன்' என்று இருந்த இடம் 'மகள்' ஆனால் காணி யாருக்குப் போகும்? ஒரே ஓர் எழுத்துத்தான்.

ஈரல் புற்றுநோயில் அப்படி ஓர் இடம் பிடிபட்டது. ஹொங்கொங், சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். ஏஸின்-1 என்ற புரதத்தில் 367ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் (புரதம் கட்டும் கல்) இருக்கவேண்டும், திருத்தம் கூடிப்போன கட்டிகளில் அங்கே கிளைசின் என்ற வேறு கல் வந்து உட்கார்ந்திருந்தது. அதனால் என்ன என்றால், செல் பெருகுவதற்கு உதவும் சில புரதங்களை அவ்வப்போது பிடித்து அழிப்பதற்கு அன்ரிசைம் என்று ஒரு காவல்காரன் உண்டு. அந்தக் காவல்காரனைப் பிடித்து வைப்பதுதான் ஏஸின்-1இன் வேலை. எழுத்து மாறிய ஏஸின் முன்னைவிட இறுக்கிப் பிடிக்கிறது, காவல்காரனுக்குக் கை அசைக்க முடியவில்லை, அழியவேண்டிய புரதங்கள் அழியாமல் நிற்க, செல் பெருகிக்கொண்டே போகிறது. அப்புறம் 2014இல் இன்னொன்றும் தெரிந்தது: இந்தக் கட்டிகள் பலவற்றில் அடார்-1 கூடியும் அடார்-2 குறைந்தும் இருக்கிறது, அதாவது ஒரு கிளார்க் அளவுக்கு மீறி எழுத, மற்றவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

இப்போது உங்களுக்குத் தேவையான இடத்துக்கு வருகிறேன். இது கட்டியின் கொப்பியில் நடந்த மாற்றம், பரம்பரை உறுதியில் இல்லை. அப்பாவின் கட்டியில் ஏஸின் மாறியிருந்தாலும் அந்த மாற்றம் உங்களுக்கு முதுசமாக வராது. இதைப் பார்த்து ஈரல் புற்றுநோய் வருமா என்று சொல்லும் டெஸ்ட் எந்த ஆஸ்பத்திரியிலும் வழக்கத்தில் இல்லை. யாராவது ஆர்.என்.ஏ. டெஸ்ட் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பரம்பரை என்று பயப்படுவதானால் சீனி வியாதிக்குப் பயப்படுங்கள், அதுதான் உங்கள் வீட்டில் ஓடுகிறது. குடிக்காதவருக்கு ஈரல் நோய் எப்படி வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சீனி வியாதிக்காரருக்கு ஈரலில் கொழுப்புப் படிவது அதிகம், அந்த வழியாகத்தான். ராகமையில் 2007இல் 35 முதல் 64 வயது வரையானவர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. அதில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு வருடக்கணக்கில் அழற்சி, தழும்பு, ஈரல் சுருக்கம் என்று போகும். நல்ல ஈரலின் விளிம்பு ஸ்கேனில் மாங்காய் மாதிரி வழுவழுவென்று தெரியும், சுருங்கிய ஈரல் பாகற்காய் மாதிரி. அந்தப் பாகற்காய் ஈரலில்தான் பெரும்பாலும் கட்டி முளைக்கிறது, ஆர்.என்.ஏ. திருத்தம் பிழையாகிப்போவதும் டி.என்.ஏ.யிலேயே பிழை சேர்வதும் அங்கேதான் ஒன்றாக நடக்கின்றன.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது சாதாரண வேலைதான். வெறும் வயிற்றில் சீனி, ஈரல் நொதிகள், பிளேட்லெட், ஹெபடைடிஸ் பி, சி (ஈரலைத் தாக்கும் வைரஸ்கள்), ஒரு வயிற்று ஸ்கேன். இடுப்பு அளவையும் எடுத்துப் பாருங்கள், இரவு பத்து மணிக் கொத்து ரொட்டிக்காரருக்கு நான் எதிரி இல்லை, ஆனால் வாரத்தில் நாலு நாள் என்றால் கணக்கு ஏறும். கொழுப்பு இருந்தால் உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே ஈரல் நன்றாகத் தேறும். ஆறு மாதத்துக்கொரு ஸ்கேன் பெரும்பாலும் சுருக்கம் வந்தவர்களுக்குத்தான், உங்களுக்கு ஸ்கேன் வழுவழு என்று இருந்து ஹெபடைடிஸும் இல்லை என்றால் அது தேவையில்லை. ஈரல் கழுவும் கஷாயம் என்று போத்தலில் விற்பதைத் தயவுசெய்து வாங்காதீர்கள், அதைக் குடித்து மஞ்சளாகி வந்தவர்களை நான் வாட்டில் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் இந்தக் கிழமையே கேட்டு வையுங்கள்: அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி பார்த்தார்களா? அந்த வைரஸும் ஈரல் புற்றுநோயைக் கொண்டுவரலாம், வீட்டாருக்கும் தொற்றலாம். இலங்கையில் அது குறைவுதான், ஆனால் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டவணையில் அது 2003க்குப் பிறகுதான் சேர்ந்தது, உங்கள் வயதுக்காரருக்குச் சின்ன வயதில் போட்டிருக்க வாய்ப்பில்லை. அப்பாவுக்கு இருக்கிறது என்றால் நீங்கள், அம்மா, கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பார்க்கவேண்டும், இல்லாதவர்கள் ஊசி போட்டுக்கொள்ளலாம்.