ஆங்கிலத்தில் தேதியைச் சரியாக எழுதுவது எப்படி? 05/06 என்று எழுதினால் போதுமா?

போதாது. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்: 5 ஜூன் 2024. படிவத்தில் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தால் அவர்கள் கேட்கிற வரிசையில் நிரப்பிவிடலாம். கடிதம், மெயில், பில் எதிலும் வெறும் எண் வேண்டாம். வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உள்ளூருக்குள் இந்தச் சந்தேகமே வராது.

கோத்தகிரியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். அமெரிக்கத் தம்பதி ஒருவர் டிராவல் ஏஜென்ட் மூலம் அறை கேட்டிருந்தார்கள். எழுதிய தேதி 05/06/2024. அமெரிக்காவில் மாதம்தான் முதலில் வரும், ஆக அவர்கள் சொன்னது மே 6. ஏஜென்ட் நம் வழக்கப்படி ஜூன் 5 என்று படித்து, அதையே எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். மே 6 சாயங்காலம் பெட்டியோடு வந்து நிற்கிறார்கள். நல்ல சீசன், இரண்டு அறையிலும் ஆள். இருவருமே வயதானவர்கள், அந்த அம்மாவுக்குக் குளிரில் கை நடுங்குகிறது. அரவேணுவில் என் சித்தி வீட்டில் தங்கவைத்து, சாப்பாடு கொடுத்து அனுப்பினோம்.

ஏஜென்டிடம் கேட்டால், "மலையில இருக்கறவங்களுக்கு இங்கிலீஷ் மெயில் புரியலைன்னா நான் என்னங்க பண்றது?" என்கிறார். அந்த மெயிலை அவர்கள் வந்து காட்டியபோதுதான் நான் முதலில் பார்த்தேன்! நான் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவள். மாதத்தை எழுத்தில் எழுதாவிட்டால் எங்கள் டீச்சர் மார்க்கைக் குறைப்பார். என் புக்கிங் நோட்டில் இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறேன்.

மறுநாள், மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6000, வார இறுதியில் 8000 வண்டி என்று அளவும் வைத்தார்கள். மலையைக் காப்பாற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஆனால் நெரிசல் ஊட்டியில், கணக்கு மாவட்டம் முழுவதற்கும். குஞ்சப்பனை வழியாக நேராக எங்கள் ஊருக்கு வருகிறவரையும் அதே எண்ணிக்கையில் சேர்த்தால் எங்களைப் போன்ற சின்ன வீடுகள் என்ன செய்யும்?

தேதிக்கு வருகிறேன். அமெரிக்க முறை தப்பு என்பதல்ல என் வாதம். 13-ம் தேதி முதல் குழப்பமே இல்லை, 13-வது மாதம் கிடையாதே. 1 முதல் 12 வரைதான் ஆபத்து. 5/5 போல இரண்டும் ஒன்றாக வருகிறவற்றைக் கழித்தாலும் வருடத்தில் 132 நாளை இரண்டு விதமாகப் படிக்கலாம்.

அமெரிக்கர்களுக்கு எழுதினால் ஜூன் 5, 2024 என்று நாளுக்குப் பின் கமா போடுங்கள். பிரிட்டிஷ் முறையில், 5 ஜூன் 2024, கமா வேண்டாம். எண்ணோடு ஒட்டு சேர்ப்பதானால் 1, 21, 31-க்கு எஸ்.டி., 2, 22-க்கு என்.டி., 3, 23-க்கு ஆர்.டி., மற்றதற்கெல்லாம் டி.எச். 11, 12, 13-க்கும் டி.எச்.தான், நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். முழுத் தேதிக்கு முன்னால் 'ஆன்', மாதம் மட்டும் என்றால் 'இன்'. கம்ப்யூட்டர் ஃபைலுக்குப் பெயர் வைக்க 2024-06-05 என்று வருடத்தை முன்னால் வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரம் சொல்கிற முறை அது, ஃபைல்கள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும்.