64 பேருக்கு ஒரே மடல்

அன்புள்ள அண்ணா,

எங்களுடையது இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் குடும்பம். கிளிநொச்சிப் பக்கத்துச் சிறு குளங்களைப் பற்றி ஒன்றரை வருடமாக வலைப்பதிவில் எழுதி வருகிறேன். 23 கட்டுரைகள் வந்துவிட்டன. வாசிப்பது என் மச்சானும் இரண்டு கூட்டாளிமாரும்தான். மற்ற வலைப்பதிவர்களுக்கு மின்னஞ்சல் போட்டு, உங்கள் தளத்தில் என் இணைப்பைக் கொடுங்கள் என்று கேட்டால் வாசகர் வருவார்கள் என்று யூரியூப்பில் ஒருவர் சொன்னார். 64 பேருக்கு அனுப்பினேன். இரண்டு திரும்பி வந்தன. மிச்சம் 62 பேரில் ஒருவர்கூடப் பதில் போடவில்லை. அனுப்பிய மடலை அப்படியே இணைத்திருக்கிறேன். எங்கே பிழை? வன்னியிலிருந்து எழுதினால் ஒருவரும் கணக்கெடுக்க மாட்டார்களா?

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வன்னியைப் பாவம் இதற்குள் இழுக்காதீர்கள். கொழும்பிலிருந்து போட்டிருந்தாலும் இந்த மடலுக்கு இதே பதில்தான் வந்திருக்கும்.

"மதிப்பிற்குரிய வலைப்பதிவர் அவர்களுக்கு, தங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன், மிகவும் அருமை" என்று தொடங்கியிருக்கிறீர்கள். மேலே பெறுநர் இடத்தில் 64 முகவரிகளும் வரிசையாக நிற்கின்றன. அதில் ஒருவர் சமையல் குறிப்பு எழுதுபவர். இன்னொருவர் பங்குச்சந்தை. எனக்குத் தெரிந்த ஒருவர் 2016க்குப் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை. இத்தனை பேரையும் நீங்கள் "தொடர்ந்து வாசிக்கிறீர்கள்" என்ற சேதி இத்தனை பேருக்கும் ஒரே நிமிடத்தில் போயிருக்கிறது. ஒருவருடைய முகவரி மற்றவருக்குத் தெரிந்தது வேறு. சரி, அதை மறைத்து அனுப்பியிருந்தால் தப்பியிருக்கலாமே என்பீர்கள். இல்லை. "மதிப்பிற்குரிய வலைப்பதிவர் அவர்களுக்கு" என்ற இடத்திலேயே விளங்கிவிடும், இது எனக்கு வந்த கடிதம் இல்லை என்று.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு எப்படிச் சொல்கிறோம்? கார்ட் அடித்தாலும் வீட்டுக்குப் போய், ஒரு தேத்தண்ணி குடித்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, எழும்பும்போதுதான் கார்டை நீட்டுவோம். மாங்குளம் சந்திக் கடையில் ஒரு கட்டுக் கார்டை வைத்து "வாறவை எடுங்கோ" என்று விட்டால் யார் வருவார்கள்? வரவில்லை என்று கோபிக்கவும் முடியாது.

நானும் இதைச் செய்தவன்தான். 2012இல், என் சிறுகதைகள் சிலவற்றின் இணைப்பை, கண்ட இடமெல்லாம் பொறுக்கிய நூற்றுச்சொச்சம் முகவரிகளுக்கு அனுப்பினேன். ஒரேயொரு பதில் வந்தது, மட்டக்களப்பிலிருந்து ஒரு பெரியவர். ஒரு வரி: "தம்பி, நான் உங்களுக்கு யார்?" இரண்டு நாள் எனக்கு அவர்மேல் கடும் கோபம். மூன்றாம் நாள் அவருடைய தளத்தைத் திறந்து பார்த்தேன். நான் எழுதிய ஒரு கதையின் களத்திலேயே அவரும் எழுதியிருந்தார், என்னைவிட நன்றாக. அதை முதலில் வாசித்துவிட்டு எழுதியிருந்தால் எங்களுக்குள் கதைக்க எவ்வளவோ இருந்திருக்கும்.

பொறியியல் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 பெப்ரவரியிலிருந்து கூகிள், ஜிமெயில்காரர்களுக்கு ஒரு நாளில் 5000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு விதியை இறுக்கியது. அதில் ஒன்று, "இது குப்பை" என்று அழுத்துகிறவர்களின் அளவு 0.3 வீதத்தைத் தொடக்கூடாது என்பது. ஆயிரத்துக்கு மூன்று. நீங்கள் அந்தப் பெரிய ஆள் இல்லை, விதி உங்களுக்கு இல்லை. ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: உங்கள் 64 பேரில் ஒரே ஒருவர் அழுத்தினாலே ஒன்றரை வீதம். இப்படி நாலு தரம் நடந்தால், நீங்கள் உண்மையாகவே ஒருவருக்கு மனம் வைத்து எழுதும் மடலும் குப்பைக் கூடைக்குள் போய் விழக்கூடும். "நீங்கள் என் இணைப்பைப் போட்டால் நான் உங்களுடையதைப் போடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியையும் எடுத்துவிடுங்கள். தேடலில் மேலே வருவதற்காக அளவுகணக்கில்லாமல் இணைப்பு மாற்றிக்கொள்வதைக் கூகிள் தன் விதிகளில் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. அதைவிட, அது பண்டமாற்று மாதிரி இருக்கிறது. குளங்களைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதுகிற ஆளுக்கு அது வடிவில்லை.

இன்னொன்று. கட்டுரையைப் பாமினி எழுத்துருவில் அடித்து, வேர்ட் கோப்பாக இணைத்திருக்கிறீர்கள். என் போனில் அதைத் திறந்தபோது தமிழ் ஒரு எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவுமாகக் கொட்டிக் கிடந்தது. கனடாவில் இருக்கும் ஒருவர் பஸ்ஸுக்குள் நின்றபடி இதைத் திறந்தால் வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவார். எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடியுங்கள். கோப்பு வேண்டாம், இணைப்பு ஒன்று போதும்.

ஒரு காலத்தில் இந்த வேலையெல்லாம் தேவைப்படவில்லை. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற, பலருடைய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டிகளில் பதிவைச் சேர்த்துவிட்டால் அன்று மாலையே நாலு பேர் வந்து சண்டை பிடிப்பார்கள். இப்போது வாசகரை ஒவ்வொருவராகத்தான் தேடிப் போகவேண்டியிருக்கிறது. தேடிப் போவதென்றால், யாரிடம்?

உங்கள் 23 கட்டுரைகளில் ஒன்பதை வாசித்தேன். 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் கதவுகள் திறந்த இரவைப் பற்றி எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. அதை யாருக்கு அனுப்பலாம் என்று யோசியுங்கள். பங்குச்சந்தைக்காரருக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான். ஆனால் உங்கள் பட்டியலில் ஒரு அக்கா இருக்கிறா. டொரொண்டோவில் இருந்து தன் சின்ன வயதை எழுதுபவர். ஒரு சிறு குளம் நிரம்பி, மிச்சத் தண்ணி வழிந்தோடி வான் பாயும் நாளில் அம்மம்மாவோடு மீன் பிடிக்கப் போனது, குளக்கட்டில் நின்ற மருதமரம் என்று ஒரு பதிவு போட்டிருக்கிறா. நீங்கள் துருசை, அதாவது வயலுக்குத் தண்ணி திறக்கும் மதகைப் பற்றி எழுதிய நாலாம் கட்டுரையும் அதே குளம்தான்! அவவுக்கும் அதே 64இல் ஒரு பங்கு மடல்தான் போயிருக்கிறது.

நான் என்றால் இப்படி எழுதியிருப்பேன்:

"வணக்கம் அக்கா. வான் பாயும் நாளைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். என் வீடு அந்தக் குளத்திலிருந்து அரை மைல். நீங்கள் சொன்ன மருதமரம் இன்னும் நிற்கிறது, ஒரு கொப்பு மட்டும் முறிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்தேன், இணைப்புக் கீழே. பழைய துருசு எப்படி வேலை செய்தது என்று வயலுக்குத் தண்ணி பங்கிடும் எங்கள் வட்டவிதானையாரிடம் கேட்டு நானும் ஒன்று எழுதியிருக்கிறேன், நேரம் கிடைத்தால் பாருங்கள். உங்கள் அம்மம்மா காலத்தில் அந்தக் குளத்துக்கு வேறு பெயர் இருந்ததா? இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை."

இதில் பகிருங்கள், இணைப்புக் கொடுங்கள் என்று ஒரு சொல் இல்லை. மரம் நிற்கிறது என்ற சேதியை அவவுக்கு வேறு யார் கொடுக்கப்போகிறார்கள்? அவ பகிர்ந்தாலும் சரி, பகிராவிட்டாலும் சரி, குளத்தின் பழைய பெயர் உங்களுக்குக் கிடைக்கக்கூடும். இப்படி ஒரு மடல் எழுத ஒரு பின்னேரம் போகும். ஆகவே மாதத்துக்கு மூன்று நாலுதான் எழுதலாம். அது காணும். நாங்கள் இரவு ஒன்பது மணிக்கு அனுப்பினால் டொரொண்டோவில் காலை, தேநீரோடு திறப்பார்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரு தரம் சுருக்கமாக நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், ஆளுக்கு என்ன அலுவலோ.

சமையல் எழுதுபவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். உங்கள் பன்னிரண்டாம் கட்டுரையில் குளத்து விரால் குழம்புக்குப் பழப்புளி எவ்வளவு என்று உங்கள் அம்மா சொன்னது வருகிறது. அந்த ஒரு பந்திக்காக அவருக்குத் தனியே எழுதலாம்.

ஒரு திருத்தம்: நாலாம் கட்டுரையில் ஒரு இடத்தில் துருசுக்கும் வானுக்கும் சொல் மாறியிருக்கிறது, மூன்றாம் பந்தி. டொரொண்டோவுக்கு மடல் போட முதல் அதைச் சரிசெய்யுங்கள், அந்த அக்கா பிடித்துவிடுவா. அப்புறம், வட்டவிதானையாரின் கதை "மிச்சம் அடுத்த கிழமை" என்று நிற்கிறது. திகதியைப் பார்த்தேன், ஏழு மாதம். காலபோக வயல் தண்ணிக்குக் கூட்டம் வைத்த அன்று யார் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனது?