69-க்குக் கணக்குப் போடுங்கள் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாணயச் சேகரிப்பு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என்னிடம் 1990-க்குப் பிந்தைய நாணயங்கள் நாற்பது வரை இருக்கின்றன. பாதிக்குப் பாதி ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயங்கள். பத்துப் பன்னிரண்டு புரூஃப் நாணயங்கள் (சேகரிப்போருக்காகப் பளபளப்பாகத் தனியே அடித்தவை), நாணயச்சாலை தந்த பெட்டியோடு அப்படியே இருக்கின்றன. மற்றவை புழக்கத்தில் இருந்து பொறுக்கியவை. அவற்றில் ஒன்றில் எழுத்துகள் இரட்டையாகத் தெரிகின்றன. எல்லாவற்றையும் பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. என்ற கிரேடிங் (தரம் மதிப்பிடும்) நிறுவனத்துக்கு அனுப்பி, தர எண்ணோடு மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து ஸ்லாப் போட்டுவிட்டால் விலை இரட்டிப்பாகும் என்கிறார் ஒரு வியாபாரி. உச்ச எண்ணான 70 வாங்கிய நாணயங்களின் விலையைப் பார்த்தால் அவர் சொல்வது சரி என்றே படுகிறது. அனுப்பலாமா? 'ஃபர்ஸ்ட் ஸ்டிரைக்' லேபிளுக்குத் தனி மதிப்பு உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நாற்பதையும் அனுப்பாதீர்கள். அந்த இரட்டை எழுத்து நாணயத்தை மட்டும் முதலில் லூப் (கையடக்க உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள். அது தேறினால் அனுப்ப வேண்டியது அது ஒன்றுதான்.

1 முதல் 70 வரையிலான அளவுகோலை 1949-இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக வகுத்தார். 1986-இல் பி.சி.ஜி.எஸ்., அடுத்த ஆண்டு என்.ஜி.சி. என வந்தபோது அதே அளவுகோல் எல்லா நாணயங்களுக்கும் பொதுவானது. தேய்ந்த பழைய நாணயத்துக்கு அது மிகவும் பொருந்தும். 12-க்கும் 40-க்கும் இடையே வெறுங்கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். ஆனால் இன்று நாணயச்சாலையில் இருந்து உறையோடு வரும் புரூஃப் நாணயம் பெரும்பாலும் பிறக்கும்போதே 68-க்கு மேல்தான் நிற்கிறது. ஆகவே இவற்றின் வணிகம் முழுக்க 69, 70 என்ற இரண்டு எண்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கிறது.

70 என்றால் ஐந்து மடங்கு உருப்பெருக்கத்தில் குறை எதுவும் தெரியக்கூடாது. 69 என்றால் மயிரிழைக் கோடோ ஊசிமுனைப் புள்ளியோ எங்கோ ஒன்று இருக்கிறது. அந்த ஒன்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது மனிதக் கண். ஸ்லாப்பை உடைத்து அதே நாணயத்தைத் திரும்ப அனுப்பினால் வேறு எண் வருவதும் உண்டு. இந்த ஒரு புள்ளிக்காகத்தான் நீங்கள் பணம் கட்டப் போகிறீர்கள்.

வியாபாரி உங்களுக்குக் காட்டியது 70-இன் விலை. நீங்கள் பார்க்க வேண்டியது 69-இன் விலை. ஸ்லாப் இல்லாத நாணயம் 100-க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 69 வந்தால் 115, 70 வந்தால் 200. கிரேடிங் கட்டணம், போகவர அஞ்சல், காப்பீடு, உறுப்பினர் கட்டணத்தில் ஒரு பங்கு எல்லாம் சேர்ந்து நாணயத்துக்கு 60. ஆக உங்கள் அடக்கம் 160. 69 வந்தால் 45 நட்டம், 70 வந்தால் 40 லாபம். நூறு நாணயம் அனுப்பினால் குறைந்தது ஐம்பத்துமூன்று நாணயம் 70 வாங்க வேண்டும், அப்போதுதான் கைமுதல் தேறும். விற்கும்போது போகும் கமிஷனை இதில் நான் சேர்க்கவே இல்லை. உங்கள் நாணயங்களின் உண்மையான விலைகளை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். விலையை எடுக்கும்போது விற்பவர் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, ஏலத்தில் முடிந்த தொகையை எடுங்கள். நாற்பதில் குறைந்தது முப்பத்தைந்து இங்கேயே உதிர்ந்துவிடும்.

பெரிய வியாபாரிகளுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது? அவர்கள் மொத்தமாக அனுப்புகிறார்கள், நாணயத்துக்குக் கட்டணம் குறைவு. அனுப்பும் முன்பே லூப் வைத்துச் சலித்துவிடுகிறார்கள். '70-க்குக் குறைந்தால் ஸ்லாப் வேண்டாம்' என்று குறைந்தபட்ச கிரேடு சொல்லி அனுப்பும் வசதியும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு உண்டு. தேறாதவை பெட்டிக்குள் திரும்பப் போய் சாதாரண நாணயமாக விற்பனைக்கு வருகின்றன. நீங்கள் வாங்கிய நாணயம் அப்படி ஒருமுறை சலிக்கப்பட்டதாக இருந்தால் அதற்கு 70 கிடைக்கும் வாய்ப்பு இன்னும் குறைவு. உங்களுக்கு 70 வேண்டும் என்றால் 70-ஆகவே ஸ்லாப்பில் வாங்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அதுதான் மலிவு.

இன்னொன்று, பாப்புலேஷன் அறிக்கை. எந்த நாணயம் எந்தக் கிரேடில் எத்தனை இருக்கிறது என்பதை இரு நிறுவனங்களும் வெளியிடுகின்றன. வெளிவந்த புதிதில் '70-இல் இருபதுதான்' என்று காட்டும், விலை ஏறும். நவீன நாணயம் லட்சக்கணக்கில் அலமாரிகளில் புத்தம் புதிதாகக் கிடக்கிறது. விலை ஏறியதும் அவையும் கிரேடிங்குக்கு வந்து சேரும். எண்ணிக்கை கூடும், விலை இறங்கும். குறைவாக அச்சான நாணயத்தின் கதை வேறு. அமெரிக்காவின் 1995-டபிள்யூ (வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையின் குறி) புரூஃப் சில்வர் ஈகிள் வெள்ளி நாணயம் 30,125 மட்டுமே வெளியானது. அந்த எண் இனி மாறாது. கிரேடால் மட்டும் வரும் அருமைக்கு அப்படி ஓர் உறுதி கிடையாது.

உங்கள் வெள்ளி நாணயங்களுக்கு வருகிறேன். போலி என்ற பயம் இருந்தால் அதைத் தீர்க்க ஸ்லாப் தேவையில்லை. ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். சில்வர் ஈகிளின் விட்டம் 40.6 மில்லிமீட்டர். 0.01 கிராம் காட்டும் தராசும் விட்டம் அளக்கும் ஒரு காலிப்பரும் போதும். காந்தம் பிடித்தால் அது வெள்ளி இல்லை. அடுத்தது பால்புள்ளி. அச்சடிப்பதற்கு முன் வெற்று வில்லைகளைக் கழுவும் திரவத்தின் மிச்சம் சரியாகப் போகாமல் நின்றால், ஆண்டுகள் கழித்தும் வெள்ளைப் புள்ளியாக மேலெழும். கனடா நாணயச்சாலை இதற்காகவே 2018-இல் மேப்பிள் லீஃப் வெள்ளி நாணயங்களுக்கு மின்ட்ஷீல்டு என்ற தடுப்பைக் கொண்டுவந்தது. ஸ்லாப் இதைத் தடுக்காது, காற்றுப் புகாத பெட்டியும் அல்ல அது. லேபிளில் 70 என்று இருக்கும், உள்ளே புள்ளி தெரியும், வாங்க வருகிறவர் புள்ளியைத்தான் பார்ப்பார்.

இப்போது அந்த இரட்டை எழுத்து நாணயம். கிரேடிங் நிறுவனம் உண்மையிலேயே உதவும் இடம் இதுதான், ஏனென்றால் இங்கே கேள்வி 69-ஆ 70-ஆ என்பதல்ல, இது என்ன நாணயம் என்பது. பத்து மடங்கு லூப்பை எடுத்து, ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அச்சிலேயே எழுத்து இரட்டையாகப் பதிந்திருந்தால் இரண்டாம் எழுத்தும் முதல் எழுத்தைப் போலவே உருண்டு எழும்பி நிற்கும். எழுத்தின் முனைகள் பிளந்து, இடையில் சிறு பள்ளம் விழுந்திருக்கும். அடிக்கும் கணத்தில் அச்சு துள்ளியதால் வந்த இரட்டை அப்படி இருக்காது. எழுத்தின் ஓரம் நசுங்கித் தட்டையான படிக்கட்டு போல் பளபளக்கும், மூல எழுத்து அந்த அளவுக்கு ஒல்லியாகியிருக்கும். இந்த இரண்டாம் வகைக்குத் தனி விலை கிடையாது. பொறுக்குகிறவர்கள் கையில் சிக்குவதில் பெரும்பகுதி இதுதான். முதல் வகை என்று தோன்றினால், அந்த ஆண்டின் அந்த அச்சு ஏற்கெனவே பதிவான வகைகளில் இருக்கிறதா என்று படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். படிவத்தில் வகையின் பெயரைக் குறிப்பிட்டு அதற்கான தனிக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். கேட்காவிட்டால் சாதாரண நாணயம் என்ற லேபிளோடு திரும்பி வரலாம்.

பிரிட்டனின் ஆண்டு இல்லாத 20 பென்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 2008-இல் ஆண்டைப் பின்பக்கத்தில் இருந்து அரசி முகம் உள்ள பக்கத்துக்கு மாற்றினார்கள். பழைய முகப்பு அச்சும் புதிய பின்பக்க அச்சும் ஜோடி சேர்ந்ததில் இருபுறமும் ஆண்டே இல்லாத நாணயங்கள் வெளியேறின. ஆண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு இதுதான் அது என்று விற்க யாராலும் முடியும். இப்படிப்பட்ட நாணயத்தை ஸ்லாப்பில் வாங்குவதும் விற்பதும் பாதுகாப்பு, அதற்குக் கொடுக்கும் கட்டணம் வீண் அல்ல.

'ஃபர்ஸ்ட் ஸ்டிரைக்' லேபிளுக்கு நான் ஒரு காசும் கூடுதலாகத் தரமாட்டேன். வெளியான முதல் முப்பது நாளுக்குள் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது, அல்லது அந்த நாள்களுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்த பெட்டி பிரிக்கப்படாமல் வந்தது என்பதே அதன் பொருள். புது அச்சில் முதலில் அடித்தது என்று அது சொல்லவில்லை.

புரூஃப் பெட்டிகளைத் தொடாதீர்கள். பெட்டி, சான்றிதழ் எல்லாம் சேர்ந்துதான் அந்த விலை. பிரித்து அனுப்பி 69 வந்தால் இரண்டு பக்கமும் நட்டம். பார்க்க வேண்டும் என்றால் உறைக்கு மேலேயே பாருங்கள். கோடு தெரிந்தால் நாணயத்தை அசைக்காமல் லூப்பை மட்டும் மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். நாணயப் பரப்பு கூர்மையாகத் தெரியும்போது கோடு மங்கினால் அது பிளாஸ்டிக்கில் உள்ள கீறல்.

அந்த ஒற்றை நாணயத்தை அனுப்பும்போது துடைக்காதீர்கள், கழுவாதீர்கள், கறை நீக்கும் டிப் திரவத்தில் முக்காதீர்கள். தேய்த்த தடம் தெரிந்தால் கிரேடு எண்ணுக்குப் பதிலாக 'டீடெயில்ஸ்' என்று வரும், விலை வெகுவாகச் சரிந்துவிடும். அது ஸ்டேப்ளர் அடித்த அட்டை உறையில் இருக்கிறதா? முதலில் பின்களை முழுவதும் கழற்றிவிட்டு அட்டையைப் பிரியுங்கள். அப்படியே இழுத்தால் பின் முனை முகத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடும். பி.வி.சி. கலந்த மெத்து உறை வேண்டாம், அதில்தான் பச்சைப் பிசுக்கு படிகிறது. மைலார் ஃபிளிப்பில் (பி.வி.சி. கலக்காத பிளாஸ்டிக் உறையில்) போட்டு, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, குலுக்கினால் சத்தம் வராதபடி கட்டுங்கள். இரு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, காப்பீட்டோடு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் லேபிளில் உள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, வகையின் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் தாமதிக்காமல் எழுதுங்கள், திருத்தித் தருவார்கள்.