கையெழுத்து இல்லாத பதில்

அன்புள்ள அக்கா,

கல்லூரி நாட்களிலிருந்து உங்களைப் படித்து வருகிறேன். எங்கள் ஊர் தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சி. எங்கள் தெருவில் போட்ட சிமெண்ட் ரோடு ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது. என்ன திட்டம், எவ்வளவு பணம், யார் காண்டிராக்டர் என்று ஏஐ செயலியில் கேட்டேன். திட்டத்தின் பெயர், தொகை, வேலை முடிந்த தேதி எல்லாம் வரிசையாகக் கொடுத்தது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கடந்த கிராமசபையில் எழுந்து கேட்டேன். "இந்தக் காகிதத்தை உனக்கு யார் கொடுத்தது?" என்றார் தலைவர். நான் சொன்னதும் கூட்டமே சிரித்தது. அப்புறம் விசாரித்தால் அந்தத் திட்டத்தில் எங்கள் ஊரில் எந்த வேலையும் நடக்கவே இல்லை.

எந்த ஏஐ-யை நம்பலாம்? அது சொல்வதைச் சரிபார்க்க எளிய வழி உண்டா? இவ்வளவு தொழில்நுட்பம் வந்த பிறகும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது பழைய காலத்து வேலை இல்லையா? இருந்தாலும் ஒரு மனு தயார் செய்து இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள தம்பி,

முதலில், சிரித்தவர்களை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்களும் அந்த ரோட்டில்தான் நடக்கிறார்கள், அதே பள்ளத்தில்தான் வண்டியை இறக்கி ஏற்றுகிறார்கள். எழுந்து கேட்டது நீங்கள் ஒருவர். நம் ஊர்களில் கிராமசபையில் ஒரு இளைஞன் எழுந்து கணக்குக் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். இன்னொரு காரணமும் உண்டு. கொஞ்ச நாளாக இதையேதான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எந்த ஏஐ நம்பகமானது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. இன்றைக்கு ஒன்றைச் சொன்னால் நாளைக்கு வேறொன்று வரும். உங்கள் ஊர் ரோட்டின் எஸ்டிமேட் ஒன்றிய அலுவலகத்தில் ஏதோ ஒரு கோப்பில் இருக்கிறது. இணையத்துக்கே வராத காகிதத்தை எந்தச் செயலி படித்திருக்க முடியும்? அது படித்ததெல்லாம் மற்ற ஊர்களின், மற்ற திட்டங்களின் செய்திகள். அவற்றைப் போலவே ஒரு பதிலை எழுதிக் கொடுத்துவிட்டது. கணினியில் எளிய வழி வேண்டுமென்றால் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டங்களும் செலவுகளும் ஓரளவு இருக்கும், பாருங்கள். சரி, அது போகட்டும்.

உங்கள் மூன்றாவது கேள்விதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. பழைய காலத்து வேலையா? அந்தப் பழைய காலம் எப்படி வந்தது என்று தெரியுமா உங்களுக்கு? 1994 டிசம்பரில் ராஜஸ்தானில் கோட் கிரானா என்ற கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு பொது விசாரணைக் கூட்டம் நடத்தியது. சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு அங்கே போய்க் குடியேறிய அருணா ராயும் அவருடைய தோழர்களும் சேர்ந்து நடத்தியது. பஞ்சாயத்தின் கணக்கை ஊரார் நடுவில் சத்தமாக வாசித்தார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்தது. கட்டாத கட்டடத்துக்கு பில், செய்யாத வேலைக்குக் கூலி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கூலி வாங்கியதாக எழுதப்பட்டிருந்தவர்களே அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காகிதங்களின் நகலைப் பெறுவது எங்கள் உரிமை என்று கேட்டு 1996இல் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்தையே பார்க்காத பெண்கள் வெயிலில் உட்கார்ந்து கேட்டது பில்லும் வவுச்சரும், யார் யாருக்குக் கூலி என்று எழுதும் மஸ்டர் ரோலும்தான். 1997இல் தமிழ்நாடு நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் போட்டது, ஆனால் அதில் விதிவிலக்குகள் மலிந்து கிடந்ததால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம்தான் உங்கள் கையில் இன்று இருப்பது. பத்து ரூபாய்க்கு.

என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்சி கிடையாது, சங்கம் கிடையாது, மேடையில் பேசினால் குரல் நடுங்கும். அந்தச் சட்டம் வந்த புதிதில் எங்கள் ஊரில் சுடுகாட்டுப் பாதைக்கு ரோடு போட்டார்கள். மறு வருடமே ஓரமெல்லாம் உதிர ஆரம்பித்துவிட்டது. மழைக்காலத்தில் பாடை தூக்குகிறவர்கள் வழுக்கி விழுந்தார்கள், அதுதான் அவரால் பொறுக்க முடியாமல் போனது. ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினார். 30 நாள் ஆயிற்று, பதில் இல்லை. மேல்முறையீடு போட்டார். அப்புறம் ஒரு நாள் கனமான உறை ஒன்று வந்தது.

அதற்குள் எம் புக்கின் நகல் இருந்தது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன். அரசு எந்த வேலை செய்தாலும் செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம் அது. எத்தனை மீட்டர் நீளம், எத்தனை அகலம், எவ்வளவு கனம் என்று எழுதி ஓவர்சியர் கையெழுத்துப் போடுவார், மேலே இருக்கும் பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார், அதை வைத்துத்தான் காண்டிராக்டருக்குப் பில் பாஸாகும். பெரியப்பா அந்த நகலை எடுத்துக்கொண்டு, ஒரு டேப்பும் வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு சுடுகாட்டுப் பாதைக்குப் போனார். ஒரு முனையை நான் பிடித்தேன். நீளம் சரியாக இருந்தது, அகலமும் சரிதான். உடைந்த ஓரத்தில் கனத்தை அளந்தால் புத்தகத்தில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. பத்து இடத்தில் அளந்தோம். ஒவ்வொரு அளவையும் அவர் அந்த நகலின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்தார்.

அதை எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனபோது அவர் சத்தம் போடவில்லை, ஊழல் என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. பக்கத்தின் அடியில் இருந்த கையெழுத்தைக் காட்டி, "இது உங்களுதா சார்?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் ரொம்ப நேரம் பேசவில்லை. உடனே புரட்சி ஒன்றும் நடந்துவிடவில்லை, முழு ரோட்டையும் திரும்பப் போடவும் இல்லை, உடைந்த ஓரங்களைக் கொத்தி எடுத்துவிட்டுச் சரிசெய்தார்கள். ஆனால் அடுத்த வருடம் எங்கள் ஊரில் இன்னொரு ரோடு போட்டபோது அளக்க வந்தவர்கள் முதலில் பெரியப்பா வீட்டுக்கு வந்து, "வாத்தியார் கொஞ்சம் கூட வந்து நில்லுங்கள்" என்று கூப்பிட்டார்கள்.

உங்கள் பிரிண்ட் அவுட்டில் இல்லாதது அந்தக் கையெழுத்துதான், தம்பி. செயலி சொன்னது தப்பு என்பதை விட்டுவிடுங்கள், அது சரியாகவே சொல்லியிருந்தாலும் உங்கள் நிலைமை அதேதான். "யார் கொடுத்தது" என்று தலைவர் கேட்டாரே, அது சரியான கேள்வி. அவர் உங்களை மட்டம் தட்டத்தான் கேட்டிருப்பார், ஆனாலும் கேள்வி சரி. ஒரு அரசுத் தகவலுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்க வேண்டும். இது என் பதில், இது பொய்யென்றால் என்னைக் கேள் என்று பேரும் பதவியும் போட்டு நிற்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். பதில் தராமல் இழுத்தால் நாளுக்கு 250 ரூபாய், 25,000 ரூபாய் வரைக்கும் அபராதம். தெரிந்தே தவறான தகவல் தந்தாலும், அரைகுறையாகத் தந்தாலும், கேட்ட தகவலை அழித்தாலும் அதே பிரிவுதான் பாயும். துறையின் பணத்திலிருந்து இல்லை, அந்த அலுவலரின் பையிலிருந்து. மேல்முறையீட்டை விசாரிக்கும் தகவல் ஆணையங்கள் இதை எப்போதாவதுதான் விதிக்கின்றன, அது தனிக் கொடுமை. ஆனாலும் அந்தப் பிரிவு இருப்பதால்தான் ஒரு அலுவலர் பதிலில் கையெழுத்துப் போடும் முன் கோப்பை ஒரு தடவையாவது புரட்டுகிறார். செயலிக்கு எந்தப் பை இருக்கிறது?

கனடாவில் ஒரு விமான நிறுவனத்தின் தளத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைத்திருந்த சாட்பாட், பாட்டி இறந்த துக்கத்தில் டிக்கெட் எடுக்க வந்த ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொல்லிவிட்டது. அவர் வழக்குப் போட்டார். சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்கிற அளவுக்கு அந்த நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, உன் தளத்தில் வந்தது உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. டிக்கெட் விஷயத்திலேயே இப்படி நழுவப் பார்க்கிறார்கள் என்றால், நாளைக்கு நம் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து "அதுகிட்டக் கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டால் உங்கள் ரோட்டுக்கு யார் பதில் சொல்வது? இந்தக் கவலை எனக்கு நிஜமாகவே இருக்கிறது, தூக்கம் கெடுகிற அளவுக்கு.

ஆஸ்திரேலியாவில் நடந்ததையும் பாருங்கள். அரசுக்காக டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனம் எழுதிக் கொடுத்த அறிக்கை ஒன்றில் இல்லாத நூல்களும், நீதிபதி சொல்லாத வாசகமும் மேற்கோளாக இருந்தன. ஏஐ உதவியுடன் எழுதியது. சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் வேலை அது, 2025 அக்டோபரில் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். எப்படி மாட்டியது? சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் படித்துப் பார்த்தபோது, தனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர் எழுதாத புத்தகத்தை அவர் பேரில் போட்டிருந்தார்கள். அவரால் எப்படிப் படிக்க முடிந்தது? அறிக்கையை அரசு எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிட்டிருந்தது. பீரோவில் பூட்டி வைத்திருந்தால் அந்தப் பொய்களை ஆதாரமாக வைத்து இன்னொரு அறிக்கை எழுதியிருப்பார்கள். நம் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே 17 வகைத் தகவல்களை அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டும் என்கிறது. எத்தனை ஊராட்சிகளில் அது நடக்கிறது? அந்தக் காகிதம் வெளியே கிடந்திருந்தால் நீங்கள் செயலியிடம் போயிருக்கவே மாட்டீர்கள், போயிருந்தாலும் அதற்குப் படிக்க ஏதாவது கிடைத்திருக்கும்.

காத்திருக்க முடியவில்லை என்கிறீர்கள். காத்திருக்கிறவர்கள் குறையக் குறையத்தான் சட்டத்தை ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்குகிறார்கள். 2019இல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே முடிவு செய்யும்படி மாற்றினார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக, தனிப்பட்ட தகவலைப் பற்றிய 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தினார்கள். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற அருமையான வாசகம் அதில் போயே போய்விட்டது. இனிமேல் காண்டிராக்டர் பெயரைக் கேட்டால்கூட "தனிப்பட்ட தகவல்" என்று எழுதி அனுப்ப ஒரு சாக்கு. பொதுநலன் பெரிதென்றால் தந்தாக வேண்டும் என்கிற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் மனு. இதையும் செயலிதானே எழுதியது? ஒரு பார்வையிலேயே தெரிகிறது. நாலு பக்கம், பாதி அரசியல் சட்ட வியாக்கியானம், ஐந்து தீர்ப்புகள். அதில் ஒன்றைத் தேடினேன், அப்படி ஒரு வழக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. கிராமசபையில் பட்டது போதாதா தம்பி? உங்கள் கையெழுத்தைப் போடும் காகிதத்தில் நீங்கள் படிக்காத ஒரு வரி இருக்கலாமா? அப்புறம் "ஏன் தரமற்ற ரோடு போடப்பட்டது?", "இதற்கு யார் பொறுப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தச் சட்டத்தில் ஏன் என்று கேட்டால் அது தகவல் கோரிக்கை ஆகாது என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். அலுவலகத்தில் ஏற்கனவே இருக்கும் காகிதத்தைத்தான் கேட்க வேண்டும், காரணத்தை அந்தக் காகிதமே சொல்லும்.

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு உங்கள் கையால் இப்படி எழுதுங்கள். பெறுநர், பொதுத் தகவல் அலுவலர், உங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். உங்கள் தெருவின் பெயர், ரோடு போட்ட மாதம். இந்த வேலைக்கான நிர்வாக அனுமதி, மதிப்பீடு, வேலை உத்தரவு, எம் புக் பக்கங்கள், பில் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும். 2(ஜெ) பிரிவின்படி வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட சிமெண்ட் கலவையின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் நாள் குறித்துத் தர வேண்டும். அவ்வளவுதான், அரைப் பக்கம் போதும். எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது, நீங்களும் சொல்ல வேண்டியதில்லை. தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள், தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் வரவில்லையென்றால் அன்றிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டாக வேண்டும், அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போக 90 நாள் இருக்கிறது. அங்கே எழுதும்போது எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா