கோ (Go) என்ற நிரலாக்க மொழிக்கு ஜாவாவை விடக் கூடுதல் வேலையா?

இல்லை. லிங்க்ட்இனில் வேலை விளம்பரங்களைத் தேடியபோது ஜாவாவை விடக் கோவுக்குக் கூடுதலாகக் காட்டியது என்கிறீர்கள். அப்படியென்றால், விற்பனை வேலைகளில் வரும் 'கோ டு மார்க்கெட்' (பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோவது) எல்லாம் உங்கள் கணக்குக்குள் விழுந்திருக்கும். ஆர், சி என்ற ஓரெழுத்து மொழிகளைத் தேடினாலும் இதே கூத்துத்தான்.

கோவின் மற்றப் பெயரான 'கோலாங்' என்று தேடினால் குப்பை குறையும். ஆனால் வெறும் 'கோ' என்று போட்டவர்கள் தவறிப்போவார்கள். ஆகவே வெறும் 'கோ' என்றே தேடி, இப்படி எண்ணுங்கள்:

1. திகதி வாரியாக அடுக்கி, ஒவ்வொரு பத்தாவது விளம்பரமாக 50 எடுங்கள். முதல் 50 வேண்டாம்.

2. ஒவ்வொன்றையும் திறந்து வாசியுங்கள். 50இல் 6தான் உண்மையான கோ வேலையென்றால், 1,000 முடிவு என்பது ஏறத்தாழ 120 வேலை. ஒரே வேலையை இரண்டு மூன்று முகவர்கள் போட்டிருந்தால் ஒன்றாகவே எண்ணுங்கள். இதை விட்டால் கணக்கு ஊதிப்போகும்.

இலங்கை வேலைத்தளமான டொப்ஜொப்ஸில் பல விளம்பரங்கள் படமாகவே கிடக்கும். படத்துக்குள் இருக்கும் மொழிப் பெயரைத் தேடல் பிடிக்காது, அங்கே கண்ணால் பார்த்து எண்ணுவதுதான் வழி.

யாழ்ப்பாணம் என்று மட்டும் வடிகட்டாதீர்கள். ஐந்தாறு விளம்பரத்தை வைத்து மொழிக்கு மொழி ஒப்பிட ஏலாது. கொழும்பையும் வீட்டிலிருந்து செய்யும் வேலைகளையும் சேருங்கள். இப்போதுதான் படித்து முடித்ததாகச் சொல்கிறீர்கள், ஐந்து வருட அனுபவம் கேட்பவற்றைத் தனியே ஒதுக்குங்கள்.