கையிருப்பு எண்ணில் பொய் வேண்டுமா?

கேள்வி: உடன்குடிக் கருப்பட்டியை இணையவழியில் விற்கத் தொடங்கியுள்ளேன். ‘இன்னும் 2 பெட்டிகளே உள்ளன’ என்று எப்போதும் காட்டினால் விற்பனை கூடும் என்கிறார், செயலி அமைத்துத் தருபவர். அவ்வாறு செய்யலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வேண்டவே வேண்டாம். கிடங்கில் சரக்கு நிறைந்திருக்கத் தட்டுப்பாடு என்று காட்டி வாங்குபவரை அவசரப்படுத்துவதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று உத்திகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டுத் தடைசெய்கின்றன. கேளாத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் அப்பட்டியலில் உண்டு. சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நம்பிக்கையே. நெல்லையில் அல்வாவுக்கு வரிசையில் நிற்பவர், அது தீர்ந்துவிடும் என்பது உண்மை என்று அறிந்தே நிற்கிறார். பதநீர்ப் பருவம் முடிந்தால் கருப்பட்டி வரத்தும் குறையத்தான் செய்யும். அந்த உண்மையான கையிருப்பையே, காய்ச்சிய மாதத்துடன் திரையில் காட்டுங்கள். சர்க்கரை கலக்கவில்லை என்பதற்கான ஆய்வகச் சான்றையும் உடன் வெளியிடுங்கள். கலப்படத்துக்கு அஞ்சும் வாடிக்கையாளர் முதலில் தேடுவது அதைத்தான்.